பனிக்காலத்தில் பின்வளவுப் பறவைகளுக்குத் தீனி

கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் வாழும் தமிழர்களில் சிலர், காகத்துக்குச் சோறு வைத்த பழக்கத்தின் தொடர்ச்சியாக, மிஞ்சிய சோற்றையும் பாணையும் பின்வளவுப் பனியில் கொட்டிவிடுகிறார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் அதைத் தேடி வருபவை பெரும்பாலும் எலிகளே. தை மாதக் குளிரில் இங்குள்ள சிறு பறவைகளுக்கு வேண்டியது கொழுப்பு.

சிக்கடி எனப்படும் கருந்தொப்பிக் குருவி பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். பகலில் அதன் உடற்சூடு 42 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது பாகை என்று இறங்கும் நீண்ட இரவைக் கடக்க, அன்று பகல் முழுவதும் தின்று சேர்த்த கொழுப்பைத்தான் அது எரித்தாக வேண்டும். அதுவும் போதாது என்பதால், உறங்கும்போது தன் உடற்சூட்டைச் சுமார் பத்துப் பாகையால் தானே குறைத்துக்கொள்கிறது. காலையில் வரும் சில சிக்கடிகளின் வால் ஒருபக்கமாக வளைந்திருப்பதைக் காணலாம். இடுக்கமான மரப்பொந்துக்குள் இரவைக் கழித்ததன் அடையாளம் அது. வந்ததும் ஒரேயொரு விதையைக் கௌவிக்கொண்டு கிளைக்குப் பறந்து, அதை இரு கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்துக் கொத்தி உடைக்கும்.

அந்த விதை கறுப்புச் சூரியகாந்தி விதையாக இருப்பதே நல்லது. அதன் கோது மெல்லியது, பருப்பில் எண்ணெய் அதிகம். சிக்கடி, கார்டினல், புளூ ஜே எல்லாமே அதை உண்ணும். மரங்கொத்திகளுக்குக் கம்பிக் கூட்டில் வைத்த மாட்டுக்கொழுப்புக் கட்டியும் உப்பில்லாத கச்சானும் போதும். மலிவான கலவைப் பைகளை நான் வாங்குவதில்லை, ஏனென்றால் அவற்றை நிரப்பியிருக்கும் சிவப்புச் சோளத்தை இங்குள்ள பறவைகளில் பல தட்டிலிருந்து தள்ளிவிடுகின்றன, அது நிலத்தில் கிடந்து அழுகுகிறது. (கறுப்பு அணில்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அந்தப் போரில் வென்றவரை இதுவரை சந்திக்கவில்லை.)

நாம் வைக்கும் தீனி உண்மையில் எவ்வளவு உதவுகிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்து 1988இல் வெளியான ஆய்வொன்றில், தீனி கிடைத்த சிக்கடிகளில் 69 விழுக்காடு பனிக்காலத்தைத் தாண்டின. கிடைக்காதவற்றில் 37 விழுக்காடுதான் பிழைத்தன. ஆனால் அந்த வேறுபாடு கடுங்குளிர் நாட்கள் பல சேர்ந்து வந்த மாதங்களில்தான் பெரிதாகத் தெரிந்தது. அதே ஆய்வாளர்கள் பின்னர், 25 ஆண்டுகள் தீனி வைக்கப்பட்ட ஓரிடத்தில் அதை அகற்றிப் பார்த்தபோது, அங்கிருந்த சிக்கடிகள் தீனியே அறியாத சிக்கடிகளுக்கு இணையாகவே பிழைத்திருந்தன. ஆகவே மார்கழியில் ஊருக்குப் போகிறவர்கள், பறவைகள் பட்டினி கிடக்குமே என்று கலங்கத் தேவையில்லை.

கலங்க வேண்டியது அழுக்கைப் பற்றித்தான். கூட்டமாக ஒரே தட்டில் உண்ணும்போது எச்சத்தின் வழியே நோய் பரவுகிறது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கனடா, அமெரிக்கா இரண்டின் மேற்குக் கரையிலும் சிஸ்கின் குருவிகள் சால்மொனெல்லாத் தொற்றால் மடிந்தபோது, தீனித்தட்டுகளைச் சில காலம் கழற்றி வைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, முற்றாக உலர்ந்த பிறகே தட்டை மீண்டும் நிரப்ப வேண்டும். குளிரில் கை விறைக்கும் வேலைதான். அதைச் செய்ய மனமில்லாதவர் தட்டே வைக்காமலிருப்பது பறவைக்கு நல்லது. தட்டு யன்னலிலிருந்து ஒரு மீற்றருக்குள் இருந்தால், வெருண்டு பறக்கும் குருவி கண்ணாடியில் மோதினாலும் வேகம் குறைவாகவே இருக்கும்.

சித்திரையில் வெயில் ஏறத் தொடங்கியதும் கொழுப்புக் கட்டியை எடுத்துவிடுங்கள். அது உருகிச் சிக்குப் பிடிக்கும். சிறகில் ஒட்டினால் பறவைக்குக் கேடு. சூரியகாந்தி விதை மட்டும் இருக்கலாம்.