சூஜுன் பாலம்: நீர் பீய்ச்சும் நேரமும் கல்குழாயின் மூட்டும்

ஜப்பானில் குமமோட்டோ மாகாணத்தின் யமாத்தோ ஊரில், வயலுக்கு நீர் கொண்டுபோகும் கல் தொட்டிப்பாலமான சூஜுன் பாலத்துக்குப் போகுமுன் அந்த மாதத்து நீர் திறப்பு அட்டவணையைப் பாருங்கள். பாலத்தின் நடுவிலிருந்து தண்ணீர் தினமும் பீய்ச்சாது. பெரும்பாலும் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மதியம் 1 மணிக்கு, ஏறத்தாழ 15 நிமிடம் மட்டும். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை நீர் முழுதும் வயலுக்குப் போகும் என்பதால் திறக்க மாட்டார்கள். குமமோட்டோ நகரிலிருந்து பேருந்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். பேருந்துகள் குறைவு, திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கும்போதே குறித்துக்கொள்ளவும்.

தொட்டிப்பாலம் என்றதும் திறந்த வாய்க்கால் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. நீர் போய்ச் சேரவேண்டிய ஷிராய்த்தோ மேட்டுநிலம் பள்ளத்தாக்கின் அக்கரையில், பாலத்தைவிட உயரத்தில் இருக்கிறது. கல்வளைவை 20 மீட்டருக்குச் சற்று மேல்வரைதான் எழுப்ப முடிந்தது. அதனால் நீர் இக்கரையில் மூடிய குழாய்க்குள் சுமார் 7.5 மீட்டர் இறங்கி, பாலத்தைக் கடந்து, அக்கரையில் ஏறக்குறைய 6 மீட்டர் மேலே ஏறுகிறது. நுழைவாய் வெளிவாயைவிட உயரமாக இருப்பதால் அந்த வித்தியாசமே நீரைத் தள்ளிவிடுகிறது. 1854இல் இதைக் கட்டி முடித்தவர் அப்பகுதியின் ஊர்த்தலைவர் ஃபுதா யாசுனொசுகே.

இங்கே நின்று பார்க்க வேண்டியது மூட்டுகளைத்தான். குழாயின் துளை சுமார் 30 சென்டிமீட்டர் சதுரம். 7.5 மீட்டர் நீர்மட்டம் அந்த அளவு பரப்பை ஏறத்தாழ 670 கிலோ எடையாக அழுத்தும். முதலில் சோதித்த மரக்குழாய் இதைத் தாங்காமல் உடைந்தது. ஆகவே எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையைக் குடைந்து, முகப்பில் துளையைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, கல்லோடு கல்லைச் சேர்த்து, அந்தப் பள்ளத்தில் காரையை இடித்து இறுக்கினார்கள். மண், மணல், சுண்ணாம்பு, உப்பு, பைன் இலை வேகவைத்த சாறு ஆகியவை சேர்ந்த காரை அது. ஒரு மூட்டு கசிந்தால் சுற்றியுள்ள மண் நிரப்பு அரிக்கும். அதனால் இன்றும் அதைப் பழைய முறையிலேயே புதுப்பிக்கிறார்கள். மூன்று வரிசைக் குழாய்களில் ஒன்றைப் பழுதுபார்க்கும்போது மற்றவற்றில் நீர் விடலாம். அருமையான ஏற்பாடு.

நீர் பீய்ச்சுவது வேடிக்கைக்காகத் தொடங்கியதல்ல. தாழ்ந்த இடத்தில் வண்டல் தங்கும். மரஅடைப்பைத் தட்டி எடுத்தால் அது வெளியேறும்.

பாலத்தின் மேலே ஏறக் கட்டணம் உண்டு. கைப்பிடிச் சுவர் கிடையாது, தரை ஈரமானால் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி போதும். குழந்தைகளை நடுவிலேயே நடத்துங்கள்.

வானவில் தேடுபவர்கள் கோடையில் கீழே நின்று ஏமாறுவார்கள். சூரியன் 42 பாகைக்கு மேல் இருந்தால் வானவில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். அப்போது மேலேயிருந்து, வெயிலுக்கு முதுகு காட்டி, கீழே விழும் சாரலைப் பாருங்கள். நவம்பரில் கீழிருந்தே தெரிய வாய்ப்பு உண்டு. படத்தில் துளிகள் தனித்தனியாக வேண்டுமானால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வையுங்கள். 1/30இல் வெண்பட்டுபோல் வரும், ஆனால் முக்காலி வேண்டும்.

2016 நிலநடுக்கத்தில் பாலம் பழுதுபட்டது; 2018 மே கனமழையில் பக்கச் சுவரின் ஒரு பகுதி சரிந்தது. 2020இல் மீண்டும் நீர் திறந்தார்கள், 2023இல் தேசியப் பொக்கிஷமானது. வளைவின் இருபுறமும் கீழே அகன்று சரியும் கற்சுவர்களைப் பார்க்கத் தவறாதீர்கள். உயர்ந்த பாலம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருப்பவை அவைதான்.