ஃபேனை நிறுத்தச் சொன்ன வெல்டர்

சிங்கப்பூர் துவாஸ் வெக்கையில் ஃபேனை நிறுத்தச் சொன்னார் அண்ணன்.

4130 குரோமோலி எஃகுக் குழாய். ஆஸ்திரேலியாவில் மச்சான் சொந்தமாகக் கட்டும் குட்டி விமானத்தின் லேண்டிங் கியருக்கு, அதாவது சக்கரக் காலுக்கு, ஒரு மாதிரித் துண்டு. காற்றடித்தால் வெல்டிங்கைக் காக்கும் ஆர்கான் வாயு கலைந்துவிடும். சட்டென்று ஆறினால் இணைப்பு கெட்டித்து விரிசல் விடும். தண்ணீர் ஊற்றுவது பற்றிப் பேச்சே கூடாது.

நெருப்பு அணைந்த பிறகும் டிக் (TIG) வெல்டிங் டார்ச்சை அங்கேயே பிடித்திருந்தார், சிவப்பு மங்கும்வரை. மூக்கு நுனியில் வியர்வை, துடைக்கவில்லை.

பைப்பர் கப் என்ற குட்டி விமானத்துக்கும் இப்படிக் குழாய்க்கால்தான். இறங்கும் அதிர்ச்சியை வாங்குவது ரப்பர் பஞ்சி (bungee) கயிறு. நம்புங்க!

கப்பல் பட்டறையில் கனத்த பிளேட் ஒட்டிப் பழகிய கை. இந்த மெல்லிய குழாய்க்கு மூச்சடக்கி வேலை செய்கிறது.

இந்த நிதானத்துக்கு எந்தச் சம்பளப் பட்டியலில் இடம் இருக்கு?