அவிலாவில் இரண்டு மடங்கள்

ஸ்பெயின் தலைநகர் மத்ரித்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் அவிலா. பலர் வருவது அந்த ஊர்க் கோட்டை மதிலைப் பார்க்க. நான் போனது பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த கத்தோலிக்கக் கன்னியர், புனித தெரேசாளுக்காக. அவர் 1515-ல் பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது பெரிய கோயில். அவருடைய விரல் ஒன்றை அங்கே பேழையில் வைத்திருக்கிறார்கள். வணங்கினேன், மனம் ஒட்டவில்லை. அவர் பெயரில் ஊரெங்கும் விற்கும் முட்டை மஞ்சள் கரு இனிப்பு மட்டும் நன்றாகவே இருந்தது!

மனம் ஒட்டியது மதிலுக்கு வெளியே, வடக்கே இருக்கும் என்கார்னசியோன் மடத்தில். 1535-ல் அங்கே சேர்ந்த தெரேசாள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். கார்மேல் என்ற துறவற சபையின் மடம்தான். ஆனாலும் வீட்டு அந்தஸ்து கூடவே உள்ளே வந்துவிடும். வசதியான வீட்டுப் பெண்களுக்குத் தனி அறைகளும் பணிப்பெண்ணும், இல்லாதவர்களுக்குப் பொதுக்கூடம். பெயருக்கு முன்னால் 'தோஞா' (சீமாட்டி) என்ற பட்டம் வேறு. தெரேசாளும் அப்போது தோஞா தெரேசாதான். கம்பி அழி போட்ட சந்திப்பு அறையைக் காட்டினார்கள். விருந்தினரோடு பேசிப் பேசியே அங்கே பொழுது போனதை அவரே பின்னாளில் வருந்தி எழுதியிருக்கிறார். அவர் தலைக்கு வைத்துப் படுத்ததாகச் சொல்லும் மரக்கட்டையும் இருக்கிறது.

1562 ஆகஸ்ட் 24 அன்று தெரேசாளே புதிதாகத் தொடங்கிய சான் ஹோசே மடம் ஊரின் கிழக்குப் பக்கம். கன்னியர் பதின்மூன்று பேருக்கு மேல் வேண்டாம், சொத்து வருமானம் வேண்டாம், பிச்சையே போதும் என்றார். பிச்சையில் வாழும் மடத்தை நாம் சுமக்க வேண்டுமா என்று நகராட்சி வழக்கே போட்டது. தோஞா பட்டமும் இங்கே ஒழிந்தது. உயர்ந்த குடியில் பிறந்தவள்தான் தன் தகப்பனைப் பற்றிக் குறைவாகப் பேச வேண்டும் என்று தன் கன்னியருக்கு எழுதினார். அவருடைய சொந்தத் தாத்தா யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர். 1485-ல் தொலேதோவில் திருச்சபை விசாரணையில் தண்டனை பெற்றவர். குலப்பெருமை என்ன செய்யும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த வரி சுருக்கென்று தைத்தது. அங்கேயே முழங்காலிட்டு, எங்கள் பங்குக் கோயில் மக்களுக்காக வேண்டிக்கொண்டேன்.

1970-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபையின் பேராசிரியராக, அறிவித்தார்; அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண். நேரமிருப்பவர்கள் சலமாங்கா பக்கம் அல்பா தே தோர்மெஸுக்கும் போங்கள், கல்லறை அங்கேதான். 1582 அக்டோபர் 4 இரவு இறந்தார். புது நாட்காட்டி வந்து பத்து நாளைத் தள்ளிவிட்டதால் மறுநாளே அக்டோபர் 15. திருநாளும் அன்றுதான்.