கடைமடைத் தெருவின் வால்வு

“மூடினால்தானே அம்மா, சாக்கடை உள்ளே போகும்?”

வால்வு திறக்கும் அண்ணன் அன்று இப்படிக் கேட்டார். எதிர்த்துப் பேசினார் என்று சொல்ல முடியாது. சாவியை ஊன்றிக்கொண்டு, நான் சொன்னதைச் செய்வதற்கு முன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மூடிவிட்டார். சேலத்தில் குடிநீரைப் பரிசோதிப்பது என் வேலை. அதில் வாக்குவாதம் புதிதல்ல. இது மட்டும் என்னை விடாமல் தொடர்வதற்குக் காரணம், அவர் சொன்னது சரி. நான் செய்ததும் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருந்தால் மஞ்சளாக்கிக் காட்டும் ஆர்த்தோடாலிடின் மருந்துச் சொட்டுகளை விட்டேன். மஞ்சள் நிறம் துளியும் வரவில்லை. வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலை. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பார்த்தபோது போதுமான அளவு இருந்தது. வழியில் எதுவோ அதைத் தின்றிருக்கிறது. தண்ணீரில் இலேசான கலங்கல். ஒரு வாடையும் எனக்குப் பட்டது. அந்த வீட்டு அம்மாவுக்குப் படவில்லை. நான்கு வீடு தள்ளிச் சாக்கடைச் சுவர் கட்டுவதற்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

குளோரின் இல்லை என்றால் கிருமி இருக்கிறது என்று பொருளல்ல. கிருமி வந்தால் தடுக்க ஆளில்லை என்று பொருள். கிருமி உண்டா என்று தெரிய, மருந்திட்ட சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றிக் கறுக்கிறதா என்று 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அதே கதைதான். தண்ணீர் விடுவதோ சில மணி நேரம். முடிவு கைக்கு வரும்போது, நாங்கள் சந்தேகப்பட்ட தண்ணீர் சோறாகி, காபியாகி, பிள்ளைகளின் பாட்டிலில் பள்ளிக்கூடம் வரை போய்த் திரும்பியிருக்கும். எங்கள் வேலையில் தீர்மானம் முன்னால் வருகிறது, சான்று பின்னால் வருகிறது.

அதனால் மூடச் சொன்னேன்.

அண்ணனின் வாதத்தை நியாயமாக எழுதிவிட வேண்டும். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை, ஓட்டை இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். வால்வை அடைத்ததும் மேட்டுப் பகுதியில் நிற்கும் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும். காலியாகும் குழாய் சுற்றியிருப்பதை உறிஞ்சும். சுற்றியிருப்பது சாக்கடை. இடைவெளி விட்டுத் தண்ணீர் தரும் ஊர்களில் இது நோய்க்கு ஒரு வாசல். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சாவி பிடித்தே தெரிந்துகொண்டவர். ஒவ்வொரு முறை தண்ணீர் திறக்கும்போதும் முதலில் வரும் கலங்கலைப் பார்த்து, “இது மேட்டூர்க் கலங்கல், இது ஊர்க் கலங்கல்” என்று, அணையிலிருந்தே வருவதையும் ஊர்க் குழாயில் சேர்வதையும் பிரித்துச் சொல்வார். கர்நாடகத்திலிருந்து புதுவெள்ளம் வரும் மாதங்களில் அந்தப் பிரிவினை எளிதல்ல.

என் பக்கமும் வாதம் உண்டு. தண்ணீர் ஓடும்போதே கடைமடையில் அழுத்தம் இருப்பதில்லை. பாதி வீடுகளில் மோட்டாரை நேரடியாகக் குழாயில் மாட்டி இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால், திறந்திருக்கும் குழாயும் ஓட்டை வழியே உறிஞ்சும். அன்று என் காதிலேயே மூன்று நான்கு மோட்டார்களின் சத்தம் விழுந்தது. அப்படியானால் ஓடவிடுவது எப்படிப் பாதுகாப்பு? இதை அண்ணனிடம் அப்போதே சொன்னேன். “மோட்டாரைப் பிடுங்க ஆள் அனுப்புங்கள் அம்மா, வால்வை ஏன் மூடுகிறீர்கள்?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலை நேரத்தில் அனுப்புவதற்கு ஆளும் இல்லை.

கடைசி வீட்டு அம்மா பாதிக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். “அப்படியானால் நாங்கள் எதைக் குடிப்பது கண்ணு?” என்று கேட்டார். லாரி வரும் என்றேன். வந்தது, ஆனால் சாயங்காலம்தான். அதுவரை கையில் காசு இருந்தவர்கள் கேன் வாங்கினார்கள். மற்றவர்கள், முந்தைய முறை பிடித்து டிரம்மில் வைத்திருந்ததைக் குடித்தார்கள். நாள்பட நின்ற தண்ணீரில் குளோரின் தங்காது. டிரம்மில் நான் மருந்து விட்டுப் பார்த்திருந்தால் அங்கேயும் நிறம் வந்திருக்காது. குளோரின் இல்லாத ஒரு தண்ணீரிலிருந்து குளோரின் இல்லாத இன்னொரு தண்ணீருக்கு அந்தத் தெருவை அனுப்பினேனா? டிரம்முக்குப் பக்கத்தில் யாரும் சாக்கடை தோண்டவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அது சிறிய வித்தியாசம் அல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆய்வக முடிவு சுத்தமாக வந்தது. 100 மில்லிலிட்டரில், மலக்கலப்பைக் காட்டும் எ.கோலி கிருமி இல்லை. அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை, தெருவில் கேட்டார்கள். சும்மா வந்த தண்ணீரை நிறுத்திவிட்டாள் என்ற பேச்சு என் காதுக்கே வந்தது.

ஆனால் அந்த முடிவு எதைச் சொல்கிறது? மாதிரி எடுக்கும் முறையே, குழாயைத் துடைத்து, சூடு காட்டி, தண்ணீரை ஓரிரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடிப்பதுதான். குழாய்க்குள் வருவதைச் சோதிக்க அது சரியான முறை. மக்கள் அப்படிப் பிடிப்பதில்லை. எப்போது வரும் என்று காத்திருந்து, வந்ததும் முதல் சொட்டிலிருந்தே குடத்தை வைக்கிறார்கள். மாசு இருந்தால் அது பெரும்பாலும் அந்த முதல் குடங்களில்தான் இருக்கும். நான் சோதித்த தண்ணீரும் அவர்கள் பிடித்த தண்ணீரும் ஒன்றல்ல. இப்படி எழுதும்போது, சுத்தமான முடிவை ஏற்றுக்கொள்ள மறுப்பதற்குக் காரணம் தேடுகிறேனோ என்றும் தோன்றுகிறது. கறுத்திருந்தால் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது கேட்டிருப்பேனா?

பிறகு தோண்டிப் பார்த்தார்கள். ஒரு வீட்டு இணைப்பின் இரும்புக் குழாய் சாக்கடைக்குள் போன இடத்தில் துருப்பிடித்து, ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. தண்ணீர் அதன் வழியே வெளியே வந்ததா, சாக்கடை உள்ளே போனதா என்று ஓட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் நடந்திருக்கலாம், நான் மூடிய பிறகுகூட நடந்திருக்கலாம்.

சேலம் மேட்டூர் அணையைவிட உயரத்தில் இருக்கிறது. 1934-இல் கட்டி முடித்த அணையின் தண்ணீர் தானாக இங்கே இறங்கி வராது. மோட்டார் வைத்து ஏற்றி, வடிகட்டி, குளோரின் கலந்து, தொட்டிகளில் நிரப்பி அனுப்புகிறோம். அவ்வளவு தொலைவு காப்பாற்றிக்கொண்டு வருவதை, வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ள கடைசிச் சில அடிகளில் இழக்கிறோம். தொட்டியில் குளோரினைக் கூட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டிப் பார்த்திருக்கிறோம். தொட்டிக்கு அருகில் உள்ள தெருக்களில் மருந்து வாடை அடிக்கிறது என்று புகார் வரும். கடைமடையில் அப்போதும் நிறம் வராது.

அதன்பின் அம்மாபேட்டைப் பக்கம் இன்னொரு தெருவில் அதே மாதிரி நிறமற்ற குப்பி. அங்கே நான் மூடச் சொல்லவில்லை. தொட்டியில் பிளீச்சிங் கரைசலின் தெளிவைச் சேர்த்து, கடைசிக் குழாயைத் திறந்து வெகுநேரம் ஓடவிட்டு, காய்ச்சிக் குடிக்கும்படி ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல ஏற்பாடு செய்தோம். எத்தனை வீடுகளில் காய்ச்சினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்த முடிவும் சுத்தமாகத்தான் வந்தது. மறுபடி அப்படி நேர்ந்தால் மூடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அண்ணன் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் அவரிடம் இதைச் சொன்னேன். அவர் பேச்சைக் கேட்டுத்தான் இரண்டாவது முறை மூடவில்லை என்றேன். அவர் மகிழவில்லை. “அன்றைக்கு நீங்கள் மூடியதுதான் சரி அம்மா. அந்தக் குழாயைத் தோண்டி எடுத்தபோது நான் பார்த்தேன்” என்றார். நான் ஓட்டையைப் பற்றி, அது எந்தப் பக்கம் கசிந்தது என்று சொல்ல முடியாததைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மற்ற வீட்டு இணைப்புகளைச் சாக்கடையை விட்டு மேலே தூக்கிப் போட்டுவிட்டார்களா என்று மட்டும் கேட்டார். பாதிதான் முடிந்திருக்கிறது என்றேன்.