இன்சுலின் கூடிப்போனது எப்படி? ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் பதில் வாங்கிய அனுபவம்

கால் புண்ணுக்காக அம்மாவைப் பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு காலை, இன்சுலின் போட்ட கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, நினைவு தப்பிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை 34-க்கு இறங்கியிருந்தது. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா தேறிவிட்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"வயசானவங்க, சரியா சாப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றார் டியூட்டி டாக்டர். மூன்று இட்லியும் ஊட்டிவிட்டதே நான்தான். அதோடு, டிரேயில் கிடந்த சிரிஞ்சின் மூடி சிவப்பு, பக்கத்தில் இருந்த மருந்துக் குப்பியில் 100 என்று போட்டிருந்தது. இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதமாகக் கிடைக்கிறது. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு. 100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சில் 14 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 14 அல்ல, 35 யூனிட்.

அக்கா வீட்டுக்காரர் கவுன்டரில் சத்தம் போடக் கிளம்பினார். வேண்டாம் மாமா என்று நிறுத்திவிட்டு, சிகிச்சைப் பதிவுகளின் நகல் கேட்டு அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் என்றார்கள். விதியை எழுதிக் காட்டி, என் பிரதியில் சீல் வாங்கிக்கொண்டேன். அந்த சீல் ரொம்ப முக்கியம். நகல் வந்தது. மருந்துச் சார்ட்டில் "14 யூனிட்", நேரம், ஒரு கையெழுத்து. சரிபார்த்தவர் கையெழுத்திட வேண்டிய கட்டம் காலி.

அதைக் காட்டிய பிறகுதான் தரப் பிரிவு அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பேசினார். வார்டில் 40 தீர்ந்து, ராத்திரி பார்மசி 100 அனுப்பியிருக்கிறது. சிரிஞ்சு மட்டும் பழையதே. நர்ஸுக்கு அது தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட். அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அனுப்பினால் விஷயம் அவளோடு முடிந்துபோகும், இரண்டு வித மருந்தும் அலமாரியில் அப்படியே இருக்கும்.

ஐசியூ பில்லைத் தள்ளுபடி செய்கிறோம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதில் "இனி எந்தப் புகாரும் செய்யமாட்டோம்" என்று ஒரு வரி. அதை எடுத்தால்தான் கையெழுத்து என்றேன். மாவட்டத்தில் டெபுடி கமிஷனர் தலைமையில் இருக்கும் குறைதீர்ப்பு ஆணையம், டாக்டர் நடத்தைக்கு கர்நாடக மருத்துவக் கவுன்சில், இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையம் என்று போக வழி இருக்கிறது. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம். இதை நிதானமாகச் சொன்னேன். வரியை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள்.

கடைசியில் கடிதமும் வந்தது: என்ன நடந்தது, இனி எல்லா வார்டிலும் ஒரே அடர்த்தி இன்சுலின், போடும் முன் இரண்டு பேர் கையெழுத்து. பெரிய டாக்டர் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தப்பு எங்க மேலதாம்மா" என்றார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார் அம்மா.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகணும் என்கிறாள் அக்கா. அம்மாவுக்கு விருப்பமில்லை. இன்னும் முடிவெடுக்கவில்லை. சொன்ன மாற்றங்கள் வார்டுக்கு வந்துவிட்டனவா என்று கேட்டு இப்போது இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.