செக்குபந்தியில் கிடைத்த பங்காளிகள்

பூட்டனாரைத் தேடும் வேலை இந்த மாதம் நன்றாகவே நகர்ந்திருக்கிறது. குடமுருட்டி ஆற்றங்கரையில் சில மா அளவு நிலத்தை வைத்துக் காலம் தள்ளிய சம்சாரி அவர். பிறப்பு இறப்புப் பதிவில் தேடிப் பயனில்லை. சென்னை மாகாணத்தில் அதற்கென்று தனிச் சட்டம் வந்ததே 1899-ல்தான். 1871 குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) அறிக்கையில் தலைக்கணக்கு இருக்கும், ஆள் பெயர் இருக்காது. மிஞ்சுவது நிலம் ஒன்றுதான். வரி கட்டியவனை மட்டும் எந்தச் சர்க்காரும் மறப்பதில்லை.

வீட்டில் ஓலை ஜாதகம் ஒன்று இருந்தது. சித்தார்த்தி வருஷம், ஆடி மாதம் என்று போட்டிருந்தது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை திரும்பி வரும் பெயர் என்பதால் 1859 அல்லது 1919. அவருடைய மகனே 1919-க்கு முன்பு பிறந்தவர் என்பதால் 1859 என்று முடிவாயிற்று. அப்படியானால் தாது வருஷப் பஞ்சம் (1876) வந்தபோது அவருக்கு 17 வயது.

அப்புறம் பத்திரம். பார்த்திப வருஷம், அதாவது 1885-ல் எழுதிய கிரயம். தாள் மடிப்புகளில் விட்டுப்போய், எழுத்து மட்டும் கறுப்பு மாறாமல் இருக்கிறது. புள்ளி கிடையாது, குறில் நெடில் கொம்புக்கு வித்தியாசம் கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. ஊரில் பழைய கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) வீட்டுப் பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு மளமளவென்று படித்தார். நடுவில் நான் ஓர் எழுத்தைப் படித்துக் காட்டியபோது, "தம்பி, அது கால் இல்ல, ர" என்றார்.

வாங்கியவர், விற்றவர் பெயர்கள் எனக்கு முன்பே தெரியும். நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் பகுதியான செக்குபந்தியில்தான் விஷயம் இருந்தது. கிழக்கே ஒருவர் நிலம், மேற்கே ஒருவர் நிலம், தெற்கே வாய்க்கால், வடக்கே வரப்பு. கிழக்கே இருந்தவருக்கும் மேற்கே இருந்தவருக்கும் என் பூட்டனாருக்கும் தகப்பனார் பெயர் ஒன்றே. பாகம் பிரிக்கும்போது வாய்க்கால் தண்ணீர் எல்லோருக்கும் பாய வேண்டுமென்று நிலத்தை நீளவாக்கில் வகுப்பார்கள். அதனால் அண்ணன் தம்பிகள்தான் பெரும்பாலும் அண்டை நிலக்காரர்கள். எங்கள் வீட்டுக் கதையில் அண்ணன் தம்பி இரண்டே பேர். பத்திரத்தில் மூன்று பேர்!

மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் "இன்னார் குமாரர் இன்னார்" என்ற ஜோடி ஒரு தலைமுறை விட்டு அப்படியே திரும்ப வரும். ஆகவே மூன்றாமவர் சித்தப்பா பாட்டனாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம். அதைத் தீர்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எங்கள் கிராமத்துச் செட்டில்மெண்ட் ரிஜிஸ்டரை, அதாவது நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய பதிவேட்டைப் பார்த்தேன். கிழக்குப் பங்கு இருக்க வேண்டிய இடத்தில் பட்டா ஒரு பெண் பேரில் இருக்கிறது. மூன்றாமவர் அதற்குள் இறந்து, நிலம் மனைவி பேருக்கு மாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆண்பிள்ளை இருந்திருந்தால் பட்டா அவன் பேரில்தான் வந்திருக்கும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த அம்மாள் பெயரில் பதிவான பத்திரம் ஏதும் உண்டா என்று வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டேன், ஒன்றும் வரவில்லை. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் அந்தக் காலத்தில் இல்லை. சின்னத் துண்டு நிலமென்றால் பதியாமலே கைமாறியிருக்கலாம்.

இன்னொரு துப்பும் இருக்கிறது. 1885 பத்திரத்தின் சாட்சிகளில் ஒருவர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்க்காரர். எங்கள் பக்கத்தில் சாட்சிக்கு அசலூர்க்காரரைக் கூப்பிட்டால் அவர் மைத்துனராகவோ சம்பந்தியாகவோ இருப்பார். பூட்டியின் பிறந்த ஊர் எதுவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்கரை ஊர்ப் பெயரைப் போட்டு, 1880 முதல் 1900 வரை பத்திரப் பதிவு அட்டவணையில் தேடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். நகல் வந்ததும் முதலில் செக்குபந்தியைத்தான் படிப்பேன்.