கேஸ் கட்டு கட்சிக்காரருடையது

வக்கீலை மாற்ற நினைக்கும் கட்சிக்காரர்கள் பலர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "சார், பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தரமாட்டேங்கிறாரே, என்ன பண்றது?" என்பதுதான். பாக்கி பீஸைக் கட்டினால்தான் கட்டு என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், குமாஸ்தாவிடம் போனால் சார் ஊரில் இல்லை என்கிறார், இதற்குள் இரண்டு வாய்தா ஓடிவிடுகிறது. இதைத் தவறு என்றே நினைக்காத வக்கீல்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், நன்றாகச் சட்டம் தெரிந்தவர்களும் அதில் உண்டு. உழைத்த கூலிக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா என்று கேட்பார்கள். சட்டத்தில் அந்தப் பிடிமானம் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்த்து வைத்த விஷயம் இது.

ஆர்.டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா என்ற வழக்கு. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கிக்கு 1990-லிருந்து சட்ட ஆலோசகராக இருந்த வக்கீலை 1993-ல் வங்கி நிறுத்திவிட்டது. கட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று வங்கி கேட்க, எனக்கு 97,100 ரூபாய் பாக்கி இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர். வங்கி, வக்கீல்களின் தொழில் ஒழுக்கத்தைக் கவனிக்கும் மாநில பார் கவுன்சிலுக்குப் போனது. அங்கே ஒரு வருடத்துக்குள் விசாரணை முடியாததால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறி, 18 மாதம் தொழில் செய்யத் தடை, 1,000 ரூபாய் அபராதம் என்று முடிந்தது. அவர் உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் செய்தார்.

அவருடைய வாதம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவை வைத்து. பாக்கி வரும்வரை தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட சரக்கை வங்கி போன்ற சிலர் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. கேஸ் கட்டு விற்கக்கூடிய சரக்கே அல்ல, அதன்மேல் இப்படிப் பிடித்து வைக்கும் பற்றுரிமை கொண்டாட முடியாது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இடம். எழுதப் படிக்கத் தெரியாத ஏராளமானவர்கள் கோர்ட்டுக்கு வரும் இந்த நாட்டில் வக்கீலுக்கு இப்படி ஓர் உரிமையைக் கொடுத்தால் அது சுரண்டலுக்குத்தான் வழிவிடும் என்கிறார். கட்டைத் திருப்பித் தர மறுப்பது தொழில் ஒழுங்கீனம் என்றும் தெளிவாகவே சொன்னார்கள். அதுவரை இதுபற்றிக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு எதுவும் இல்லாததால் அவருக்கு மட்டும் தண்டனையை வெறும் கண்டனம் என்ற அளவுக்குக் குறைத்தார்கள். இன்று அந்தச் சாக்கை யாரும் சொல்ல முடியாது.

கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தாலே இதன் கனம் புரியும். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். கோர்ட்டில் தாக்கல் ஆனவற்றுக்குக் காப்பி அப்ளிகேஷன் போடலாம். ஆனால் புரோநோட்டு? ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி, பதிவு செய்யாமல் வைத்திருக்கும் கூர்சீட்டு, அதாவது பாகப்பிரிவினைப் பட்டியல்? ஒரே ஒரு அசல்தான் உண்டு. புரோநோட்டை வைத்து வழக்குப் போட 3 வருடக் கெடு. பிராது போடும் முன்பே வக்கீலோடு பிணக்கு வந்து அசல் அவர் பீரோவில் மாட்டிக்கொண்டால், சில ஆயிரம் பீஸ் பாக்கிக்காகச் சில லட்சம் கடன் அப்படியே போய்விடும். எதிர்த்தரப்பு வக்கீல்கூட செய்ய முடியாத சேதத்தைச் சொந்த வக்கீல் செய்வது இது. கட்சிக்காரர் நம்மை நம்பிக் கொடுத்த காகிதத்தை அவருக்கு எதிராகவே திருப்புகிறோம் என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

பீஸ் தராமல் போகிற கட்சிக்காரர்களும் உண்டு, மறுக்கவில்லை. தீர்ப்பு சாதகமாக வந்த மறுநாளிலிருந்து போனை எடுக்காதவர்களால் ஜூனியர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அதற்கு நோட்டீஸ் அனுப்பலாம், சிவில் வழக்குப் போடலாம். வழக்கு முடிந்தபின் கட்சிக்காரர் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மீதம் இருந்தால், பேசி முடித்த பீஸ் பாக்கியை அதில் கழித்துக்கொள்ள பார் கவுன்சில் விதிகளே இடம் தருகின்றன. அப்படிக் கழிப்பது பணத்தில்தான், காகிதத்தில் அல்ல.

வக்காலத்து, அதாவது வழக்கை நடத்த வக்கீலுக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், அதை மாற்றுவதிலும் இதே இழுபறிதான். பழைய வக்கீல் நோ அப்ஜெக்‌ஷன் எழுதித் தராவிட்டால் புதியவரை வைக்கவே முடியாது என்று பலர் நம்புகிறார்கள், அதனால் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 3 விதி 4-ஐப் பாருங்கள். கட்சிக்காரரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு பழைய வக்காலத்தை முடித்துக்கொள்ளலாம். அப்புறம் ஒரு வேண்டுகோள், அசல் எதையும் கொடுக்கும்போதே ஒரு தாளில் பட்டியல் எழுதி வக்கீலிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நல்ல வக்கீல் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இவ்வளவுக்கும் பிறகும் கட்டு வரவில்லை என்றால் வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவின்கீழ் புகார் கொடுக்கலாம். நம் பக்கத்துக்குத் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், சாதாரண ஆளுக்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான கதவு இதுதான். ஆகவே இந்தப் புகார்களை ஆறப்போடாமல் விசாரிக்கிற கடமை பார் கவுன்சிலுக்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். புகார் எழுதுகிறவர்கள் வக்கீலின் பதிவு எண், வழக்கு எண், கட்டைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய கடிதத்தின் நகல், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்று எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டேன், தரவில்லை என்பதை மட்டும் வைத்து நிரூபிப்பது கஷ்டம்.